மூன்று புள்ளிகளும் ஒரு பால் கேனும்

என் ஒன்பதாவது வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தாய்மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும். வாரத்தில் மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுப்பாடத்தைப் பாதியில் போட்டுவிட்டு, தகரக் கூரை போட்ட ஒரு ஜிம்முக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். முதுகு நாம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒன்றும் செய்யாது. மூக்கைச் சொறிய ஒரு நொடி கண்ணை எடுத்தால் போதும், அப்போதுதான் வளையும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். அம்மாவைப் பெற்றவர்கள் காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருப்பு. மில்லில் எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டியது போதாதென்று, சாயங்காலமும் இரும்பைத் தேடிப் போவார். தரையில் ஒரு கம்பி கிடக்கும். அதன் இரண்டு பக்கமும் தட்டுகள் மாட்டியிருக்கும். குனிந்து பிடித்து, நிமிர்ந்து நின்று, மறுபடியும் கீழே வைக்க வேண்டும். மொத்த விளையாட்டும் அவ்வளவுதான். டெட்லிஃப்ட் என்று பெயர். அதில் முதல் பாதிக்கு என்ன அர்த்தம் என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள். அப்பா தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா ஜிம்முக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்பினாள்.

மாமாவை நீங்கள் பெரிய வீரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பயந்த சுபாவம். மற்றவர்கள் ஒரே வாரத்தில் பத்துக் கிலோ ஏற்றுவார்கள். மாமா ஒரு மாதத்துக்கு இரண்டரைக் கிலோ ஏற்றுவார். மில்லில் ஒரு ஆள் பஞ்சுப் பொதியைத் தனியாகத் தூக்குகிறேன் என்று பந்தயம் கட்டி, அன்றைக்குக் குனிந்தவர் இன்று வரை முழுதாக நிமிரவில்லை என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அதனால் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார். பிறகு வெறும் கம்பி. பிறகு சின்னத் தட்டு. ஜிம்மில் இருந்தவர்கள் இவர் எப்போது தூக்குவார் என்று பார்த்துச் சலித்து வீட்டுக்கே போய்விடுவார்கள்.

அவருடைய விதிகள் எனக்கு மனப்பாடம். கம்பி காலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றில் இறுக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு காலால் தரையைத் தள்ள வேண்டும். கையில் பாரம் இருக்கும்போது இடுப்பைத் திருப்பவே கூடாது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு பாதியோடு நின்றுபோன எனக்கு இது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒரே ஒரு சிக்கல். தன் முதுகு தனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்க்கலாமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அது இன்னொரு தப்பு. அதற்காகத்தான் மாமா என்னை வேலைக்கு எடுத்தார். அவருடைய பனியனின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் மூன்று புள்ளிகள் வைப்பேன். கழுத்துக்குக் கீழே ஒன்று, நடு முதுகில் ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று. நான் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் பின்னால் நின்றுகொள்வேன். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நடுப்புள்ளி புடைத்துக்கொண்டு வெளியே வந்தால் “முதுகு!” என்று கத்த வேண்டும். கத்திய மறு நொடி அவர் கேள்வி கேட்காமல் கம்பியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு பால் ஐஸ் சம்பளம். ஒரு பெரிய ஆள் என் ஒரு சொல்லுக்கு இப்படிக் கட்டுப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், கடைசித் தடவையும் அதுதான்.

இப்படி இருக்கும்போது மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பால்கோவா போடுகிற குடும்பம். ஒரே பெண். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார். சட்டைக்கு மேலேயே அகலமான தோல் பெல்ட் ஒன்றை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே மூன்று தவணை ஆனது. வாலிபத்தில் பால் கேனை அவசரத்தில் வெடுக்கென்று தூக்கிய வினையாம்.

காபி குடித்து முடித்ததும் அவர் சம்பளம் கேட்கவில்லை, நிலபுலம் கேட்கவில்லை.

“மாப்பிள்ளைக்கு முதுகு எப்பிடி?” என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். “கடைக்கு ஆள் வேணும்னு கேக்கல. நான் முப்பது வயசுல படுத்துட்டேன். அதுக்குப் பொறவு எம்புட்டு பாரம் இருந்தாலும் எம்பொண்டாட்டிதான் தூக்குனா. சாகுற வரைக்கும் தூக்குனா. எம்மகளுக்கு அந்தப் பாடு வரக்கூடாது, அம்புட்டுத்தான். இதுக்கு முன்னால வந்த பையன் சேர்லருந்து எந்திரிக்கும்போது இடுப்புல கை வச்சான். வேண்டாம்னுட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மாமாவின் காலடியில் நழுவ விட்டார். அது தற்செயலாக விழுந்ததென்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். மாமா எழுந்தார். காலை அகட்டினார். நெஞ்சை நிமிர்த்தினார். மூச்சை இழுத்து வயிற்றில் இறுக்கி, முட்டியை மடக்கிக் கீழே போய், அந்தக் கண்ணாடிக் கூட்டை நூற்றுக்கணக்கான கிலோ இருப்பதைப் போலக் காலை உரசினாற்போல மேலே கொண்டுவந்தார். நான் கதவோரம் நின்று முதுகைத்தான் பார்த்தேன். அப்பழுக்கில்லை. பெண்ணின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தம் முக்கால்வாசி முடிந்தது; பூ வைத்துத் தட்டு மாற்றுவது மட்டும் பாக்கி. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாள் குறித்தார்கள்.

அவர் வாசல் தாண்டியதும் அம்மா திரும்பினாள். “ஏலே, இன்னைக்கோட அந்த இரும்பத் தல முழுகிரு. கல்யாணம் முடியுறதுக்குள்ள உனக்கு ஒரு சுளுக்குன்னாலும் அவிய பொண்ணு தர மாட்டாக. மீறித் தூக்குனே, உன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

“அவன் இருக்கதே நம்ம மாடியிலதான்” என்றார் அப்பா.

மாமா தலையாட்டினார். அவருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. போட்டோவை மேஜை டிராயரில் வைக்காமல் ஜிம் பைக்குள் வைத்திருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் அதே பைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த டெட்லிஃப்ட் போட்டிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்த சீட்டு. நூற்றி எண்பது கிலோ தூக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரு வருட ஆசை. நூற்றி எழுபத்தைந்து வரை வந்துவிட்டார். போட்டி நாள், பூ வைக்கும் அதே ஞாயிறு. காலையில்.

மாமா என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஒரு திட்டம் சொன்னார். முதல் நாள் ராத்திரி அம்மாவிடம் அடக்கமாக நின்று, “அக்கா, நல்ல காரியம் நடக்கப் போகுது. காலையிலயே பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு, அப்படியே பொண்ணு வீட்டுக்கு வந்துருதேன். நீங்கள்லாம் வேன்ல வந்துருங்க” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பயலுக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னாள். அப்பா அதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பட்டுப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக மாமா கோபுரத்தைப் பார்த்து பைக்கிலிருந்தபடியே ஒரு கும்பிடு போட்டார். வண்டியை நிறுத்தவில்லை. நானும் பின்னாலிருந்து அவசரமாகக் கும்பிட்டேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் கம்பி கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்காகத் தூக்கினால் வெள்ளை, இல்லாவிட்டால் சிவப்பு. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. நான் பட்டுப் பாவாடையும் தலை நிறைய கனகாம்பரமுமாக மேடைக்குப் பின்பக்கத்தில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். சமையல்கட்டுக்குப் போகிற வழி அது.

மாமா முதலில் நூற்றி ஐம்பது கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பூவைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். அடுத்தது நூற்றி எழுபது. அதுவும் சுத்தம். இதற்கிடையில் சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், நூற்றி அறுபதிலிருந்து ஒரே தாவலாக நூற்றித் தொண்ணூறுக்குத் தாவினார். கைதட்டல் பறந்தது. அவர் முதுகு மேலே எழும்பி வளைந்ததைப் பார்த்தேன். எனக்கு வேலை கொடுத்திருந்தால் மூன்று தடவை கத்தியிருப்பேன். அவர் பக்கத்தில் கத்துவதற்கு ஆளில்லை. “விடாதே, விடாதே” என்பதற்குத்தான் பத்துப் பேர் இருந்தார்கள். கம்பி முட்டியைத் தாண்டவில்லை. அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஆட்டோவுக்குக் கூட்டிப்போனார்கள்.

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் அந்த ஆள் விழுந்ததால் ஒரு இடம் காலியாகிவிட்டது. மாமா நூற்றி எண்பது தூக்கினால் மூன்றாம் பரிசு. மேஜையில் மூன்று கோப்பைகள் இருந்தன. மூன்றாவது சிறியதுதான், ஆனால் அதுதான் மற்ற இரண்டையும்விடப் பளபளப்பாக இருந்தது. அதை எங்கள் டிவிக்கு மேல் வைக்கலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்துக்கு நாலு தட்டு மாட்டினார்கள். மாமா குனிந்தார். மூச்சை இழுத்தார். கம்பி தரையை விட்டுக் கிளம்பியது. கணுக்கால், கெண்டைக்கால், முட்டி. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தன. முட்டிக்கு மேலே நாலு விரல் வந்தபோது நடுப்புள்ளி அசைந்தது.

எனக்குக் கோப்பை கண்ணில் தெரிந்தது. மாமா வைத்திருந்த போட்டோவும் தெரிந்தது. கண்ணாடிக் கூட்டை நழுவவிட்ட அந்தப் பெல்ட்காரரும் தெரிந்தார். இவ்வளவும் ஒரு நொடிக்குள். நான் கத்திவிட்டேன்.

“முதுகு!”

மாமா கம்பியைக் கீழே வைத்துவிட்டார். பழக்கதோஷம். மூன்று சிவப்புக் கொடிகள் ஒன்றாக எழுந்தன. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், “ராஜபாளையத்துத் தம்பிக்கு வீட்டம்மா சத்தம் போட்டுட்டாக” என்றார். மண்டபமே சிரித்தது. பட்டுப் பாவாடையோடு நின்ற என்னை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வதென்று தெரியவில்லை.

மாமா வேட்டி மாற்றும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

“பனியன்தான் சுருங்குச்சு. முதுகு வளையல.”

“வளஞ்சுச்சு மாமா. நடுப்புள்ளி வெளிய வந்துச்சு.”

“வேர்வையில பனியன் ஒட்டிக்கிட்டு மேல ஏறுச்சுட்டி. முதுகு எனக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னுதான என்னைய நிக்கச் சொன்னீங்க?”

பதில் இல்லாதபோது பெரியவர்கள் செய்வதைச் செய்தார். “இனிமே என் முதுகப் பாத்து நீ வாயத் தொறக்கப்பிடாது. என்ன ஆனாலும் சரி. வெளங்குச்சா?” என்று விரலை நீட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி என்று தலையாட்டினேன். பனியனா முதுகா என்ற அந்த வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை. தீபாவளிக்குப் போனால் இப்போதும் ஒரு சுற்று நடக்கும்.

பெண் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேனும் வந்துவிட்டது. முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்பக்கம் அடுப்புகள். வீடெல்லாம் பால் காயும் மணமும் விறகுப் புகையும். அம்மா மாமாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, “குங்குமம் எங்கடா?” என்றாள். “வேர்வையில அழிஞ்சுட்டு” என்றார். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்னதில் நம்பும்படியாக இருந்தது. அம்மா அவரை ஒரு அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், கொண்டுவந்திருந்த பட்டு வேட்டியைத் தானே சுற்றிக் கட்டிவிட்டாள். புது வேட்டி, பசை போட்டது மாதிரி விறைப்பு. எந்தப் பக்கம் இழுத்தாலும் நழுவுகிற ரகம். “செத்த நேரம் அசையாம இரி. குனிஞ்சு கினிஞ்சு வைக்காத, அவுந்துரும்” என்று எச்சரித்தாள்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து தட்டுகளை அடுக்கும் நேரத்தில் வாசலில் பால் வண்டி வந்தது. பூ வைக்கிற வீடு என்று பாலுக்குத் தெரியுமா? வந்த பாலை அடுப்பில் ஏற்றாவிட்டால் திரிந்துபோகும். வேலையாள் அன்றைக்குப் பார்த்து லீவு. பால்காரர் நாற்பது லிட்டர் கேனை அடுப்படி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பட்டுச் சேலை கட்டி, பூ வைப்பதற்காகக் காத்திருந்த பெண், யாரும் சொல்லாமலே எழுந்து போனது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேனைச் சாய்த்து, அதன் விளிம்பிலேயே உருட்டி அடுப்பு மேடை வரை கொண்டுபோனது. எனக்கு வேடிக்கை பார்க்க அடுப்படிதான் பிடிக்கும் என்பதால் நான் முன்பே அங்கே இருந்தேன்.

மாமா கூடத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். காலையில் ஒரு மண்டபமே பார்த்துச் சிரித்த மனிதர் அவர். கையில் கோப்பையும் இல்லை. தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண், தன் கண் முன்னால் பாரம் தூக்கப் போகிறது. ஒரே எட்டில் வந்தார்.

“நீங்க தள்ளுங்க. நாப்பது கிலோவெல்லாம் எனக்கு ஒரு கணக்கா?” என்றார். அவர் அந்தப் பெண்ணோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அரை மணி நேரம் கையைக் காலை ஆட்டவில்லை. மூச்சை இழுக்கவில்லை. முட்டியை மடக்கினால் வேட்டி நழுவும் என்பதால் காலைக் கொக்கு மாதிரி நேராக வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தார். கேன் ஒரு முழம் தள்ளி இருந்தது, பக்கத்தில் இழுத்துக்கொள்ளவில்லை. வெடுக்கென்று தூக்கினார். தூக்கியபடியே மேடைப் பக்கம் இடுப்பைத் திருப்பினார். ஒரு வருடமாக எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாரோ, அதையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்தார்.

புள்ளி இல்லாமலே எனக்கு அந்த முதுகு வளைந்தது தெரிந்தது. தொண்டை வரை வார்த்தை வந்தது. ஆனால் என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாரே! நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கேன் ஒரு சாண் எழுந்து மறுபடி தரையில் உட்கார்ந்தது. மாமா எழவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். காது மடல் சிவந்து, கீழ் உதட்டைக் கடித்திருந்தார். மெல்ல மெல்ல முட்டி இறங்கி, இரண்டு கையையும் தரையில் ஊன்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை எங்கே போனார் என்று தேடிக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் என் அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். மாமாவின் தலை சரியாக மாமனாரின் கால் பெருவிரலுக்கு நேரே இருந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். “பாருங்க, மாப்ள ஆசீர்வாதம் வாங்குதாரு!” என்றார் நெகிழ்ந்துபோய்.

அடுப்படியே உருகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்றது ஒரு குரல். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா மட்டும் மாமாவின் உதட்டைப் பார்த்தார். தரையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கேனைப் பார்த்தார். அவருடைய வலது கை தன்னால் போய் இடுப்புப் பெல்ட்டைத் தொட்டது. பிறகு அடுப்படி மாடத்திலிருந்த திருநீற்றை நிதானமாக எடுத்து மாமாவின் உச்சந்தலையில் போட்டு, “நல்லா இருங்க” என்றார்.

மாமா எழவில்லை.

“அப்படியே இருக்கட்டும்” என்றார் அவர், மற்றவர்களைப் பார்த்து. “பெரியவுக எல்லாரும் வரிசையா வந்து பூசிவிடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல.”

அவரைப் போல ஈவிரக்கம் இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன். மாமா வலியில் துடிக்கிறார். இவர் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியப்பா முறை, சித்தப்பா முறை, இடது காது கேட்காத ஒரு பாட்டனார். அந்தப் பாட்டனார் தனக்குத் தெரிந்த வாழ்த்தையெல்லாம் சொல்லிவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மாமாவின் தலை வெள்ளையாகிவிட்டது. நான் வாயைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்து மாமாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டது. பூ வைப்பதற்கு முன்னால் ஜோடியாக விழுந்து கும்பிடுவது எந்த ஊர் வழக்கம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எதிரே நின்ற எனக்கு மட்டும் அந்தக் குரல் கேட்டது.

“கேன இழுத்துப் பக்கத்துல வைக்காம தூக்கலாமா? சரி, விடுங்க. மூச்ச இழுத்து வயித்துல வைங்க. வலது கால முன்னால கொண்டாங்க. கைய என் தோள்ல போடுங்க. நான் சொன்ன பொறவு எந்திரிங்க. இடுப்பத் திருப்பாதீங்க.”

“வேட்டி…” என்றது மாமாவின் குரல்.

“நான் பிடிச்சிருக்கேன். ம்.”

எழுந்தார்கள். அந்தப் பெண் பாதத்தை அழுத்தமாக ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, எழுபத்து நாலு கிலோ மாமாவைத் தன் தோளோடு அணைத்துச் சேர்த்து மேலே கொண்டுவந்தது. ஒரு கையில் மாமா, ஒரு கையில் வேட்டி. நான் எங்கே பார்ப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மார்க்கர் பேனா இருந்தால் அந்தச் சேலையில் மூன்று புள்ளி வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு நூல் அசைந்திருக்காது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேரும் இருந்திருந்தால் மூன்றும் வெள்ளைக் கொடிதான்.

எழுந்தவர்கள் தோளை உடனே பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் மாமா விழுந்திருப்பார். பெண்ணின் அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபமாக இருக்குமோ என்று பயந்தேன். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் இடுப்பில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

இனி சம்பந்தம் கிடையாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். முந்தைய மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்ததற்கே வேண்டாம் என்றவர் ஆயிற்றே. இங்கே இடுப்பே போய்விட்டது.

அவர் கூடத்துப் பக்கம் திரும்பினார். “தட்ட எடுத்துட்டு வாங்க. இங்கயே நின்னுக்கிட்டே மாத்திருவோம். உக்கார வேண்டாம்” என்றார். அடுப்படியில், பால் கேனுக்குப் பக்கத்தில், நின்றபடியே பூ வைத்தார்கள்.

திரும்பி வரும்போது மாமா வேனின் கடைசி சீட்டில் நீளமாகப் படுத்து வந்தார். வழியிலேயே ஒரு டாக்டரைப் பார்க்கலாமா, ராஜபாளையம் போய்ப் பார்க்கலாமா என்று அப்பா யோசித்தபோதுதான் அம்மாவுக்கு விஷயம் விளங்கியது. அவள் முதலில் மாமாவைத் திட்டினாள். பிறகு என்னைத் திட்டினாள். போட்டிக்குப் போன கதையும் வெளியே வந்ததால் ஆண்டாளிடமும் மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் அழ ஆரம்பித்தாள். “அவிய பாக்கலதான? பாத்திருந்தா நாளைக்கே ஆள் விட்டுத் தட்டத் திருப்பிருவாகளே” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். “பாக்கல, பாக்கல. எல்லாரும் ஆசீர்வாதம்னுதான் நெனச்சாங்க” என்று அப்பா தைரியம் சொன்னார். அவரே அப்படி நினைத்தவர்தான்.

வீட்டுக்கு வந்து மாமாவைத் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பெண் வீட்டில் கொடுத்தனுப்பிய மஞ்சள் பையை அம்மா என்னிடம் கொடுத்து, எல்லோருக்கும் பால்கோவா எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். பையில் மேலே இரண்டு பால்கோவாப் பெட்டிகள் இருந்தன. இன்னும் சூடு ஆறவில்லை. அவற்றை எடுத்ததும் அடியில் கையில் தட்டுப்பட்டது, அந்த அகலமான தோல் பெல்ட். சுருட்டி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது. ஓரம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அதைக் கட்டாமல் அவர் உட்காருவதற்குக்கூட முடியாதே!

நான் அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் காட்டினேன். “பொட்டி கட்டும்போது மறந்து வச்சிட்டாக போல. நாளைக்கு அவுகளுக்கு வேணும்லாம்மா? மாமா பைக்க எடுக்கப் போறப்ப அப்பா குடுத்துட்டு வரட்டுமா?”

அம்மா பெல்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரைத் தடவியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்றுபோயிருந்தது. மாமா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. முதுகாயிற்றே, நான் வாயைத் திறக்கவில்லை.

நான் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். பால்கோவா ரொம்ப நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல பால்கோவா போடுகிற மனிதருக்கு, பாவம், இவ்வளவு ஞாபகமறதி இருக்கிறதே என்று நெடுநாள் வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.